ரிவ்காவின் கடைசி வரி

நாடகப் பிரதியில் பதினோரு இடங்களில் 'யூத' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'வெளிநாட்டு' என்று எழுதியிருந்தார் கேதீஸ்வரன். ப்ரிக்ஃபீல்ட்ஸ் நாடக மன்றத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை நாடகம், இன்று வெள்ளி. அதை எழுதிய கௌசலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு அங்கிள் அடிக்கச் சொன்னா? பெர்மிட் ஆபீஸா?"

"அவங்க ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னாடி நாமளே எடுத்துட்டா சேஃப் லா. இப்ப இந்த நாட்டுல அந்த வார்த்தை மேல இருக்கிற கோவத்துக்கு எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுடுவான்."

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகியும், இல்லாத மேலதிகாரிக்குப் பயப்படும் பழக்கம் மனிதரை விடவில்லை.

ஏழு மாதமாகக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் அலைந்து ஒத்திகை பார்த்த நாடகம். ரிவ்கா அவளே எழுதி, அவளே நடிக்கும் பாத்திரம். நாஜி அதிகாரிகளின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடியே அவர்கள் பேச்சைக் காதில் வாங்கி, எதிர்த்தரப்புக்கு உளவு சொல்கிறவள். யூதப் பெண் என்று தெரிந்தால் உயிர் போகும். இரண்டு வருடம் மறைத்ததை, போர் முடியும் தறுவாயில் ஊரை மீட்க வந்த சிப்பாய் "யார் நீ?" என்று கேட்கும்போதுதான் 'நான் ஒரு யூதப் பெண்' என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொல்வாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பாடும்.

"அவ நாஜிக்குப் பயந்து மறைச்சா. நீங்க யாருக்கு அங்கிள்?"

"'நான் ஒரு தையற்காரி'ன்னு முடிச்சுடு. மீறினா அடுத்த வருஷம் உங்க குழுவுக்கே மேடை இல்ல."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கூட நடிக்கும் ஆறு பேரை நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தாள். அப்படித் தலையாட்டியதற்காக இரண்டு நாளும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிறு, மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் சிப்பாயாக ஜெயராஜ் வந்தான். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன்.

"யார் நீ?"

"நான் ஒரு தையற்காரி."

விளக்கு அணைய வேண்டிய இடம். ஜெயராஜ் நகரவில்லை. மேடைத் தமிழை விட்டுவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான்.

"தைக்கிறது தெரியுது. நீங்க யாருன்னுதான் கேக்குறேன்."

வசனம் மாறியதை மறந்துவிட்டானா, வேண்டுமென்றே கேட்கிறானா? அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ பின்வரிசையில் ஒரு கைப்பேசி உயர்ந்தது. சிறப்பு விருந்தினருக்கான பொன்னாடையோடு முதல் வரிசையில் பாதி எழுந்துவிட்ட கேதீஸ்வரன், நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அப்படியே நின்றார்.

கௌசலா ஊசியை மேசைமேல் வைத்தாள். சிப்பாயை விட்டுவிட்டு, கேதீஸ்வரனை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள்.