ஓடாத பதிப்புக்கு ஒரு வரி

1.
இந்தக் கதை ஓர் உதவிப்பக்கத்தைத் திருத்தியபோது கிடைத்தது. வேறு பெரிய காரணம் இல்லை. அந்தப் பக்கம் கிட் பைசெக்ட் என்ற கட்டளையைப் பற்றியது. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் பழுதானால், எந்த மாற்றத்தில் பழுது நுழைந்தது என்று அது தேடித் தரும். மென்பொருளின் பழைய பதிப்புகளில் நடுவிலுள்ள ஒன்றை எடுத்து நீட்டும். ஓட்டிப் பார்த்து குட் அல்லது பேட் என்று சொல்ல வேண்டும். மிச்சத்தைப் பாதியாக்கி மறுபடி கேட்கும். கடைசியில் ஒரே மாற்றம் மிஞ்சும், செய்தவர் பெயருடன்.

பெயர் வரும் இடத்தில்தான் எனக்குக் கதை தென்பட்டது.

2.
முதல் தொடக்கம்: பிரிக்ஃபீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில்...

[வேண்டாம். இங்கே எந்த மாலையில்தான் மழை இல்லை?]

இரண்டாவது: வாணிக்கு அதிகம் பேச வராது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எல்ஆர்டி ரயிலில் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வந்து, மற்றவர்கள் செய்ததைப் பகல் முழுக்க விளக்கி எழுதிவிட்டு, எல்ஆர்டியிலேயே திரும்புகிறாள்.

இது போதும். களைப்பாக இருந்தாலும் பொய் இல்லை.

3.
போன வாரம் கிள்ளானுக்குப் போக வேண்டிய வெங்காய லோரிகளை அவர்களுடைய மென்பொருள் செலாயாங்குக்கு அனுப்பிவிட்டது.* குழுத் தலைவர் தனேஷ் வாணியின் பக்கத்தில் உட்கார்ந்து பைசெக்ட் ஓட்டினார். நடுவில் ஒரு பதிப்பு திறக்கவே இல்லை.

"அண்ணே, இது ஓடவே இல்லையே."

"ஓடலன்னா பேட்தானே லா! வா சாப்பிடப் போவோம், மாமாக் கடைல கூட்டம் ஏறிடும்."

பேட் போட்டார். தேடலின் முடிவில் அதே குழுவிலிருந்த ரியாஸின் பெயர் வந்தது. தனேஷ் அதை அப்படியே நிர்வாகத்துக்கு எழுதிவிட்டார்.

(ரியாஸ் திருச்சியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். அதைப் புதுப்பிப்பதா என்று நிர்வாகம் வெள்ளிக்கிழமை முடிவெடுக்கும்; இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். எங்கே சொருகுவது என்று தெரியாமல் இதை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். கதையின் கனம் முழுக்க இங்கேதான்.)

அந்த ஓடாத பதிப்பு, ரியாஸ் பாதியில் வைத்திருந்த வேலை. எழுதிய மறுநாளே அவர் அதை முடித்துவிட்டார். அப்படிப்பட்ட பதிப்பை நல்லது என்றும் சொல்லக்கூடாது, கெட்டது என்றும் சொல்லக்கூடாது. ஸ்கிப் என்று தாண்டிவிட வேண்டும். உதவிப்பக்கத்தில் அந்தக் குறிப்பு யாரும் உருட்டிப் போகாத ஆழத்தில் கிடந்தது.

மாலையில் வாணி ஸ்கிப் போட்டு அதே தேடலை ஓட்டினாள். வேறு பெயர் வந்தது.

[தனேஷின் பெயர் என்று ஒரு வரைவில் எழுதினேன். ரொம்ப வசதியாக இருந்தது, அடித்துவிட்டேன். வந்தது, வேலையை விட்டே போய்விட்ட ஒருவரின் பெயர்.]

* லோரிகள் என்னவாயின என்று கேட்பவர்களுக்கு: வெங்காயம் செலாயாங் பாசாரிலேயே விற்றுப்போனது.

4.
எனக்குத் தனேஷ் மேல் சந்தேகம். வில்லனாகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் ரியாஸ் இங்கே வந்த புதிதில் அவருக்கு அறை தேடி அலைந்தவர் இவர்தான். கெட்டவர் இல்லை, அன்றைக்குப் பசியில் இருந்தவர்.

வாணி குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உதவிப்பக்கத்தின் மேலே எழுதினாள்: "பதிப்பு ஓடவில்லையென்றால் கெட்டது என்று குறிக்காதீர்கள். ஸ்கிப் செய்யுங்கள். தவறிக் குறித்தால் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயர் வரும்."

படித்தால் தனேஷுக்கே புரிந்துவிடும் என்று நம்பினாள். பக்கங்களுக்கு ஒப்புதல் தருபவரும் அவர்தான். வியாழக்கிழமை பதில் வந்தது:

"நல்லாருக்கு வாணி. கடைசி வரி மட்டும் வேணாம் லா. இப்படியெல்லாம் யாரு செய்வா?"

5.
முடிவு ஒன்று: வரியை எடுத்துவிடுகிறாள். பக்கம் அன்றே வெளியாகிறது. ரியாஸ் பெட்டி கட்ட

[முடிக்கப் பிடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: வாணி எழுந்து தனேஷின் மேசைக்குப் போய்

[இவளை எழுப்ப எவ்வளவோ முயன்றேன். நாற்காலி அசையவில்லை.]

முடிவு மூன்று: ரியாஸ் வந்து நிற்கிறார். "சாப்பிட வரீங்களா வாணி? அடுத்த வாரம் நான் இங்க இருப்பேனோ என்னவோ. இன்னைக்கு உங்க செலவு, சரியா?"

"நீங்க லிஃப்ட்கிட்ட நில்லுங்க. வரேன்."

பதில் பெட்டியில் தட்டுகிறாள்: நீங்கதான் செஞ்சீங்க, அண்ணே. விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் நிற்கிறது.

இதை குட் என்று குறிக்க எனக்குத் தைரியம் இல்லை, பேட் என்று குறிக்க மனம் இல்லை. ஸ்கிப்பும் செய்ய முடியாது. அது ஓடாத பதிப்புகளுக்கு மட்டும்தான். இது ஓடிக்கொண்டிருக்கிறது, லிஃப்ட் அருகே ரியாஸ் காத்திருக்கிறார். நான் கையை எடுத்துக்கொள்கிறேன். பொத்தானுக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது உங்கள் கை.