வரவேற்பு மெஷின்

“இந்த மேசையை வெளிய எடுத்தாத்தான் ஸ்ட்ரெச்சர் உள்ள போகும்,” என்று சொல்லிக்கொண்டே வண்டிக்காரர் குனிந்து கம்ப்யூட்டர் ஒயர்களைப் பிடுங்கப் போனார்.

“ஐயோ, அதை மட்டும் நிறுத்திடாதீங்க!” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அது தம்பியின் வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. பெருக்கப் போனால் சொல்வான், பல்பு மாற்ற ஆள் வந்தால் சொல்வான். வேறு எதற்கும் வாய் திறக்காதவன் இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுவான். இப்போது கட்டிலில், போர்வைக்குள், அதையும் சொல்லாமல் கிடந்தான்.

நேற்று சாயங்காலம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவன்தான். வாயுவாக இருக்கும் என்று அவனே சொல்லி, ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டான். காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்து, “ஆறுது, எழுந்திரு” என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். டீ இன்னும் ஜன்னலோரம் இருந்தது.

“நிறுத்த வேணாம்மா. யூபிஎஸ் இருக்கு, கொஞ்ச நேரம் தாங்கும். நெட் ஒயரு ஹால்ல இருந்துதானே வருது, அப்படியே தூக்கி ஹால்ல வச்சிடறோம்,” என்றார் வண்டிக்காரர். கூட வந்தவர் மேசையின் மறுபக்கத்தைப் பிடித்தார். இத்தனை வருஷமாக அந்த மேசை ஏன் வாசலை அடைத்துக்கொண்டே கிடந்தது என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒயர் அதற்கு மேல் எட்டவில்லை, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஒயர் வாங்கிப் போட்டிருக்கலாம். அதைக் கேட்கக்கூட இந்த வீட்டில் பேச்சு இருந்ததில்லை.

மேசையையும் தம்பியின் நாற்காலியையும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இறக்கி, பிளக்கை ஹால் சுவிட்சில் மாட்டிவிட்டு வண்டிக்காரர் மூச்சு வாங்கினார்.

“சொந்தக்காரங்க வரணுமாம்மா? வெயிட் பண்ணவா?”

“வருவாங்க. கொஞ்சம் இருங்க.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். யார் வருவார்கள் என்று அவளுக்கே தெரியாது. சித்தப்பா மகனுக்குப் போன் செய்தாயிற்று, அவனுக்கு முழங்கால் வலி. பழைய வேலையிடத்துக்குச் சொல்லலாம் என்றால், தம்பி அதை விட்டே பல வருஷம் ஆகிறது. மேல்வீட்டுக்காரர்கள் காலையில் எட்டிப் பார்த்து, ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது மனிதன் போகிறான், பின்னால் நடக்க ஒரு ஆள் இல்லை என்பதை இந்த வண்டிக்காரர் பார்க்கக் கூடாது. அக்காவுக்கு அந்த நேரத்தில் இருந்த கவலை அது ஒன்றுதான். அழுகை அதற்குப் பிறகு வரிசையில் நின்றது.

அவளும் கலகலப்பானவள் இல்லை. பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எங்கே போகணும், எந்த நடைமேடை, அடுத்த பஸ் எப்போது என்று நாளெல்லாம் தொண்டை வறள வறள பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், தம்பி வாய் திறக்காதது ஆரம்பத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கணவன் இறந்தபின் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று இருந்துவிட்டவன் அவன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த நிசப்தம் அவளைக் கடிக்க ஆரம்பித்தது. அதற்குள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டிருந்தது.

அவன் செய்த வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். பள்ளிக்கூடங்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஒரு மென்பொருள். பெயர் ‘பாடவேளை’. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து அதைச் செய்கிறார்கள். அதன் வலைத்தளத்தில் எல்லோரும் கூடிப் பேச ஓர் இடம் உண்டு. அதைக் ‘கூடம்’ என்பார்கள். ஒரே வாத்தியார் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது, அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இத்தனை பாடு என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். அதுவே அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சாக இருக்கும்.

கம்ப்யூட்டர் மணியடித்தது. திரையில் பச்சை வட்டம் ஒன்று துடித்தது.

“கூப்பிடறாங்க போல,” என்று சொல்லி, அக்கா தடுப்பதற்குள் வண்டிக்காரர் அதை அமுக்கிவிட்டார். கேமரா விளக்கும் எரிந்தது.

இரண்டு கட்டங்களில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்றில் வழுக்கைத் தலையோடு ஒருவர், பின்னால் கரும்பலகை. இன்னொன்றில் காதில் ஹெட்போன் மாட்டிய இளம்பெண்.

“என்ன தலைவரே, திறப்பு விழா அன்னிக்கே லேட்டா? இங்க நான் வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்,” என்று ஆரம்பித்த வழுக்கைத் தலைக்காரர் பாதியில் நிறுத்தினார். “யாரும்மா நீங்க?”

“அவன் அக்கா.”

“வணக்கம்மா. நான் ஸ்கூல் வாத்தியார். கையேடெல்லாம் எழுதறது நான்தான். இந்தப் பொண்ணு பக்கங்களை வடிவமைக்குது. இன்னிக்குப் புது வலைத்தளம் திறக்கறோம், கூடத்தையும் மொத்தமா மாத்தியிருக்கோம். அவர் ஒரு சரி சொல்லிட்டா போதும், திறந்துடுவோம். எங்க ஆளைக் காணோம்?”

பக்கத்து அறையைத் திரும்பிப் பார்க்காமல் அக்கா சொன்னாள். “காலைல எழுந்துக்கல. போயிட்டான்.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டிக்காரர், தான் அமுக்கிய பொத்தானுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் நகர்ந்து வாசலுக்குப் போனார்.

“நேத்து மத்தியானம்கூட ஒரு படம் சரியில்லன்னு எழுதியிருந்தாரே,” என்றாள் அந்தப் பெண். “அப்புறம் சாயங்காலத்துல இருந்து வரவேற்பு மெஷினும் ஓடல. அதைச் சொல்லத்தான் நான் முதல்ல...”

ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது. “அது என்ன மெஷின்?”

“கூடத்துக்குப் புதுசா யாராவது வந்தா அதுவா பதில் போடும்க்கா. வாங்க, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை வகுப்பு, எங்க சிக்குதுன்னு கேக்கும். அண்ணா எப்பவோ எழுதி வச்ச புரோகிராம். ரொம்பப் பழசு. சில சமயம் சட்டுன்னு வரும், சில சமயம் வரவே வராது. எழுத்துப்பிழை வேற. அதனால புது கூடத்துல அதை எடுத்துட்டு வேகமா ஒண்ணு வைக்கலாம்னு போன மாசம் முடிவு பண்ணினோம்.”

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டிங் என்று ஒரு சத்தம் வரும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் தம்பி எழுந்துவிடுவான். கையைக் கழுவி, ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போவான். சாப்பாடு ஆறுது, சாப்பாடு ஆறுது என்று இவள் கத்துவாள். கத்திக் கத்திச் சலித்து, போன வருஷத்திலிருந்து சாப்பாடு வைத்ததும் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவாள். கதவு சாத்தினால் சத்தம் கேட்காது.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அது பதில் போடாதே?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா! கொஞ்ச நாளா அப்படித்தான். சர்வர் கோளாறுன்னு நான் ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் கதவைச் சாத்திடுவேன்.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வாத்தியாருக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் மெதுவாகக் கேட்டார்: “போன மழைக்காலத்துல ஒரு வாரம் சுத்தமா நின்னுபோச்சு. என்ன ஆச்சு தலைவரேன்னு கேட்டதுக்கு, ‘சரி பண்ணிட்டேன்’னு ஒரு வரி எழுதினாரு.”

“எனக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில கூடவே இருந்தான்.”

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். கட்டுப்போட்ட கண்ணோடு இவள் படுத்திருக்க, பக்கத்து ஸ்டூல் அவ்வப்போது கிரீச்சிடும், அதை வைத்துத்தான் அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருக்கிறான், மனசெல்லாம் அந்த டப்பா மேல்தான் என்று அவளுக்குள் அப்போது ஒரே எரிச்சல். வீட்டுக்கு வந்த அன்று அதைச் சொல்லியும் காட்டினாள். அவன் சரி என்றான்.

“அப்ப மெஷினே இல்ல,” என்றார் வாத்தியார். “ஆயிரக்கணக்கான பேரு. எல்லாருக்கும் அவரே உக்காந்து...”

“சொல்லியிருக்கலாமே!” அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. “கூட்டத்துலயே இருந்தாரே. நான் அதைக் கிண்டல்கூட பண்ணினேன் சார். கிழட்டு மெஷின்னு சொன்னேன். எடுத்துடலாமான்னு கேட்டப்ப முதல்ல சரின்னு எழுதினதே அண்ணாதான்.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு வாங்க வாங்க என்று சொல்லியிருக்கிறான். பஸ் நிலையத்திலிருந்து செருப்புத் தேய நடந்து வந்து வாசலில் நிற்கிற அக்காவைப் பார்த்து ஒரு நாள் ஒரு ‘வா’ சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் அவளும் சொன்னதில்லை. இரண்டு பேரும் பேச்சையெல்லாம் ஊராருக்குக் கொடுத்துவிட்டு வெறும் வாயோடு வீட்டுக்கு வந்தவர்கள்.

“அம்மா,” வண்டிக்காரர் தயங்கியபடி எட்டிப் பார்த்தார். “வர்றவங்க வந்தாச்சுங்களா?”

அக்கா திரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வந்தாச்சு. எடுங்க.”

ஸ்ட்ரெச்சர் இப்போது தடையில்லாமல் உள்ளே போனது. திரும்பி ஹாலுக்கு வந்தபோது வாத்தியார் கூச்சத்தோடு கேட்டார்: “முகத்தைப் பாக்கலாமா? அவர் ஒருநாள்கூட கேமரா போட்டதில்லம்மா. எப்படி இருப்பார்னே எங்களுக்குத் தெரியாது.”

வண்டிக்காரரும் கூட வந்தவரும் ஒன்றும் கேட்காமல் திரைக்கு முன்னால் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள். அக்கா போர்வையை விலக்கினாள். வாத்தியார் எழுந்து நின்றார். நின்றதில் அவர் முகம் கட்டத்தைவிட்டு மேலே போய், சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பெண்ணும் எழுந்தாள். அவள் கட்டத்தில் நாற்காலியின் முதுகு தெரிந்தது.

“நான் நெனச்சதைவிட சின்ன வயசு,” என்று வாத்தியாரின் குரல் மட்டும் வந்தது.

“வலைத்தளத்தை இன்னிக்குத் திறக்கல,” என்றார் வாத்தியார், உட்கார்ந்த பிறகு. “அப்புறம் பாத்துக்கலாம். கூடத்துக்கு யாராவது வந்தா நாங்களே பதில் போட்டுக்கறோம். நீங்க போயிட்டு வாங்கம்மா.”

வண்டியில் அக்கா மட்டும் போனாள். மின்மயானத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வண்டிக்காரரே திரும்பக் கொண்டுவந்து விட்டார். “மேசையைப் பழையபடி உள்ள வச்சிடட்டுமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேல்வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பசி இருந்தது, அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் டிங் என்றது.

வாத்தியார் பார்ப்பார். அந்தப் பெண் பார்ப்பாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். திரையில் அந்தச் செய்தி பதிலில்லாமல் அப்படியே இருந்தது. வாத்தியாருக்கு இது வகுப்பு நேரமாக இருக்கும். அந்தப் பெண் எங்கேயாவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள்.

அக்கா கையைக் கழுவி, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு தம்பியின் நாற்காலிக்கு மாறினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

‘வணக்கம். நான் இங்கே புதுசு. எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர்தான். இரண்டு வகுப்பிலும் முதல் பாடவேளைக்கு அவர் பெயரே வருகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. யாராவது இருக்கிறீர்களா?’

“வாங்க,” என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவரிடம் சொல்வதுபோல் சத்தமாக. பிறகு ஒற்றை விரலை நீட்டி, விசைப்பலகையில் ‘வ’ எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆறுது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.