நன்றி அறிவிப்பு

வாக்கு எண்ணிய பள்ளிக்கூடத்தில் முடிவை அறிவித்தபோது அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பித்தான் விஷயத்தைச் சொன்னார்கள். "அண்ணி, எழுந்திரிங்க, நீங்க எம்.எல்.ஏ. ஆயிட்டீங்க!" என்று கத்திய கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிலும் கட்சிக்காரர்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "மைக்செட்காரர் வந்திருக்காரா?" என்பது.

யாரும் காதில் வாங்கவில்லை. ஜெயித்தவர் பேச்சை யார் கேட்கிறார்கள்? மாலை போடுவதில் அத்தனை அவசரம்.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. புருஷனை அண்ணன் என்று கூப்பிட்டவர்கள் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பல் போன கிழவர்கள்கூட அண்ணி என்று கும்பிடும்போது ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்ததுண்டு. தையல் மிஷின் உண்டு, வீடு உண்டு என்று இருந்தவள். தேர்தலில் நிற்கவிருந்த அண்ணன், கூட்டம் முடிந்து திரும்புகையில் வண்டி லாரியில் மோதி இறந்த பிறகு, மனு தாக்கலுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று கட்சி அவள் கையில் பேனாவைக் கொடுத்தது. அழுது முடிக்கக்கூட விடவில்லை. கண் வீங்கியிருந்தால் படம் நன்றாக விழும் என்று ஒரு மகானுபாவர் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவன் கொழுந்தன்தான். அண்ணனுக்கு அடுத்தவன், ஓடியாடுகிறவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அண்ணன் போன அன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதவன் அவன். மறுவாரமே, அண்ணன் பேசி வைத்திருந்த கேசட்டை அப்படியே தொகுதி முழுக்கப் போடலாம் என்று யோசனை சொன்னவனும் அவன்.

அது கேசட் காலம். அண்ணன் ஒரே ஒரு தடவைதான் பேசிப் பதிவு செய்திருந்தார். மைக்செட்காரர் கடையின் பின்னறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து ஊற்ற ஊற்றப் பேசிய பேச்சு. "என்னைப் பெத்தவங்களே, என்கூடப் பொறந்தவங்களே" என்று ஆரம்பிக்கும். மேடைக்காரர்களின் முழக்கம் எதுவும் அதில் இல்லை. அடுப்படி வாசலில் நின்று, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற அதே குரல். அதைப் பல கேசட்டுகளில் ஏற்றி, பிரசார வண்டிகளில் ஓடவிட்டார்கள். குரல் முடிந்ததும் வண்டியில் இருப்பவன் மைக்கைப் பிடித்து, "இந்தக் குரல் ஓய்ந்துவிட்டது, உங்கள் ஓட்டால் பதில் சொல்லுங்கள்" என்பான். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஓட்டும் விழுந்தது.

ஒரு தெருவில் மட்டும் அந்த இரண்டாவது பேச்சு கிடையாது. அது அண்ணியின் தெரு.

காரணம் வாண்டு. அண்ணியின் ஐந்து வயது மகள். அப்பாவின் உடல் வீட்டுக்கு வந்தபோது அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, ஒரு சாயங்காலம் தெருமுனையில் வண்டி வந்தது. "அப்பா வண்டி! அப்பா பேசறாரு!" என்று குதித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள் வாண்டு. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பொய்யை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. குழந்தை கண்டுபிடித்ததற்குத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அதன்பின் தினமும் அதே கதை. வண்டி வரும், வாண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாட்டுவாள், அது போன பிறகுதான் சாப்பிட வருவாள். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள், உங்க அப்பாதான் செத்துப்போயிட்டாரே என்று சொல்லிவிட்டாள். "பொய் சொல்லாதே, நேத்துக்கூட பேசினாரு" என்று அடிக்கப் போய்விட்டாள் வாண்டு. சுவரெல்லாம் அப்பாவின் படத்துக்குக் கீழே 'மறைந்த' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது.

"அப்பா ஏம்மா இறங்கி வீட்டுக்கு வர மாட்டேங்கறாரு?" என்று அவள் கேட்டபோது, அண்ணி வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஜெயிச்சதும் வந்துடுவாரு, கண்ணு." அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னான். பிறகு மறந்தும் போனான்.

அண்ணி மறக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்தக் கேசட் ஒன்றை மைக்செட்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதை மகள் கையில் கொடுத்துவிட்டு, அப்பா இனி வர மாட்டார், ஆனால் அவர் குரல் உன்னிடமே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்று சொல்ல வேண்டும். வெறுங்கையோடு சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. பிரசாரம் முழுக்க, கும்பிட்ட கை இறங்காமல் வெயிலில் நின்றபோதெல்லாம், இந்த ஒரு காரியத்தைத்தான் அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்செட்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து கேசட்டைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எங்கே போய்விடப் போகிறது என்றும் இருந்துவிட்டாள்.

வாக்கு எண்ணிய அன்று மதியம், முன்னணி நிலவரம் தெளிவானபோதே கொழுந்தன் கையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரோடு வந்தான். "அண்ணி, ஒரு நாலு வார்த்தை பேசிடுங்க. நன்றி அறிவிப்பு. ஜெயிச்ச அன்னைக்கே தெருத்தெருவா போய் நன்றி சொல்லணும். இல்லேன்னா ஓட்டு வாங்கிட்டு மறந்துட்டாங்கன்னு பேசுவாங்க."

"இப்பவேவா? இன்னும் எண்ணி முடியலையே."

"எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். பேசுங்க."

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று, அவன் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அவள் வாசித்தாள். என் கணவர் மேல் வைத்திருந்த அன்பை என் மேலும் வைத்து வெற்றி பெறச் செய்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, நன்றி, நன்றி. மூன்றாவது நன்றியில் குரல் உடைந்தது. "அதுதான் வேணும், அப்படியே விட்டுடுங்க" என்றான் கொழுந்தன். எழுந்து நின்றால் தலை சுற்றும் அளவுக்குக் களைத்திருந்த அவள், உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

ஊர்வலம் வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. திறந்த ஜீப்பில் நின்றபடி வந்த அண்ணிக்கு, தன் வீட்டு ஜன்னலில் வாண்டு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. தலைவாரி, புது கவுன் போட்டு நின்றாள். அப்பா வருகிறார் என்று தானே போட்டுக்கொண்டிருக்க வேண்டும், கவுன் ஒரு தோளில் சரிந்திருந்தது. ஜீப்புக்கு முன்னால் போன பிரசார வண்டி வீட்டுவாசலில் நின்றது. குழந்தை கையை உயர்த்தியது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"என் கணவர் மேல் வைத்திருந்த அன்பை…"

உயர்ந்த கை அப்படியே நின்றது. "இது அப்பா இல்ல" என்று வாண்டு சொன்னது ஜீப் வரைக்கும் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதா என்று தெரியாது, வெடிச் சத்தம் அப்படி.

அண்ணி ஜீப்பை விட்டு இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு, முன்வண்டியில் உட்கார்ந்திருந்த மைக்செட்காரரிடம் போனாள். அண்ணனின் அப்பா காலத்திலிருந்து எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டியவர், பெரியவர்.

"அவர் பேசின கேசட்டு எங்க?"

"எதும்மா?"

"அவர் பேசினது. அதுல ஒண்ணு எனக்கு வேணும்."

மைக்செட்காரர் கையில் இருந்த கேசட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் கேட்க நின்றாள்.

"இதுதாம்மா அது. எப்பவும் அப்படித்தான் வழக்கம். முடிவு வந்ததும் பிரசார கேசட்டுலயே நன்றியை ஏத்திடுவோம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சு யாருக்கு வேணும்னு… எல்லா வண்டிக்கும் மத்தியானமே ஏத்திக் கொடுத்துட்டேன்."

"முதல்ல பேசினது? உங்க கடையில?"

"அதையும்தாம்மா." அவர் கேசட்டை மடியில் வைத்தார். "அதுலதான் நன்றியை முதல்ல ஏத்தி, மத்ததுக்கெல்லாம் எடுத்தேன். நல்ல கேசட்டு அது ஒண்ணுதான். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? போய்ச் சேர்ந்த தம்பியோட குரலும்மா அது."

அவள் விடவில்லை. எல்லா வண்டிகளையும் வரச் சொல்லி, ஒவ்வொரு கேசட்டாக, வண்டிக்குள் உட்கார்ந்து போட்டுக் கேட்டாள். நன்றி சின்னது, அண்ணன் பேச்சு நீளமானது, அதனால் பின்னால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு நப்பாசை. மைக்செட்காரர் தொழில் தெரிந்தவர். இடைவெளி விழாமல் ஓடட்டும் என்று நன்றியையே திரும்பத் திரும்ப, நாடா முடியும் வரை ஏற்றியிருந்தார். எதைப் போட்டாலும் அவளுடைய குரல்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்றாவது நன்றியில் அதே இடத்தில் உடைந்தது.

கொழுந்தன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "என்ன அண்ணி இது, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு கேசட்டுக்குப் போயி…" என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான். வீட்டு ஜன்னலைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. அண்ணன் குரல் அவனுக்கும்தான் போய்விட்டது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று வந்த ஆத்திரம் அண்ணிக்கு அடங்கிவிட்டது. திட்டி என்ன, வாசித்தது அவள்தானே.

அவள் மாலைகளைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வாண்டு ஜன்னலிலிருந்து இறங்கவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, ஏறுமாறாகப் போட்டிருந்த பின்பக்கப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அண்ணன் பேசுகிற மாதிரி மனசுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். வார்த்தைகள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. குரல்தான் வரவில்லை.

"ஜெயிச்சாச்சாம்மா?"

"ஜெயிச்சாச்சு."

"அப்ப அப்பா எங்க?"

மேடைகளில் எத்தனையோ வார்த்தைகள் கேட்டிருந்தாள் அண்ணி. மறைந்தார், பிரிந்தார், நம்மைத் தவிக்க விட்டுச் சென்றார். அவளே தாளைப் பார்த்து அவற்றைச் சொல்லியும் இருக்கிறாள். ஒன்றும் இப்போது உதவவில்லை.

"அப்பா செத்துட்டாரும்மா."

குழந்தை அழவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி அவளையே பார்த்தது.

"எப்போ?"

"நீ பெரியம்மா வீட்டுல இருந்தியே, அப்போ."

"அதுக்கப்புறம் வண்டியில வந்து பேசினாரே?"

"அது முன்னாடியே பேசி வெச்சது. அப்பா வண்டியில இல்ல, கண்ணு. குரல் மட்டுந்தான் இருந்துச்சு."

"அதைப் போடச் சொல்லு."

"அது இல்ல. அழிஞ்சுபோச்சு."

"யாரு அழிச்சா?"

 அதற்குள் வெளியே கூட்டத்தைச் சமாளிக்க யாரோ கேசட்டைப் போட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் மறுபடி கரகரத்து, ஜன்னலுக்கு நேர் கீழே, நெஞ்சார்ந்த நன்றி, நன்றி, நன்றி என்றது. வாண்டு தலையைத் திருப்பி, முடியும்வரை அதைக் கேட்டாள். அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு உதடு பிதுங்கியது.

"அப்பா செத்துட்டாருன்னா, நீ எதுக்கும்மா எல்லாருக்கும் நன்றி சொல்ற?"