கீழே இருக்கும் எண்

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையில் பிறந்தது. ஏரியூரில் என் பக்கத்து வீட்டு பானுமதி, இரண்டு பிள்ளைகளின் தாய், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் வேதியியல் நடத்தும் நான் அவருக்குச் சமன்பாடு சொல்லித் தந்தேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. பானுமதி H₂O-வில் O-வின் கீழே ஒரு 2 போட்டுச் சரிக்கட்டிவிட்டார்.

"தண்ணி போச்சு பானு. இது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணுல ஊத்துற மருந்து. கீழ இருக்கற நம்பரத் தொடக்கூடாது, முன்னாடிதான் போடணும்."

"கணக்கு சரியாத்தான வருதுங்க டீச்சர்?"

2

பானுமதியை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "குடிகாரன் மாதேஷ், மனைவியின் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில்

(இதற்கு மேல் போகவில்லை.)

மாதேஷ் பானுமதியின் கணவர். பெங்களூரில் கட்டட வேலை. குடும்பத்தையே அங்கே அழைக்கிறார். பானுமதி பாஸானால் இங்கேயே அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் படிப்பும் கலையாது. ஃபெயிலானால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். கணவனைக் குடிகாரனாக்கினால் வாசகர் உடனே பானுமதி பக்கம் வந்துவிடுவார், எனக்கும் வேலை மிச்சம்.

படித்ததும் பானுமதியின் முகம் சுண்டிவிட்டது.

"அவரு குடிக்க மாட்டாருங்க. தனியா இருக்க முடியல, அதான் கூப்புடறாரு. தண்ணிய மருந்தாக்கக் கூடாதுன்னு எனக்குச் சொன்னீங்க. எங்க வூட்டுக்காரர மட்டும் மாத்தலாங்களா?"

வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

நல்ல கணவனை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரும்பாடு.

முடிவு அ: பாஸ். மாதேஷ் தனியே பெங்களூர் திரும்புகிறார். சின்னவள் போனைப் பிடுங்கி, "எப்பப்பா வருவ?" என்கிறாள்.

முடிவு ஆ: ஃபெயில். நால்வரும் ஒரே பஸ்ஸில். மாதேஷுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பானுமதி ஜன்னல் பக்கமாகத் திரும்பி

(எழுத மனசு வரவில்லை.)

எதை எழுதினாலும் யாருக்கோ குறைகிறது.*

* மாதேஷுக்கு ஏரியூரிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாமே என்பீர்கள். கதையில் நான் கொடுத்துவிடுவேன். ஏரியூரில் யார் கொடுப்பது?

4

நாளை ரிசல்ட். பானுமதி வந்து வாசலிலேயே நின்றார்.

"கதைய எப்புடி முடிச்சிருக்கீங்க டீச்சர்?"

"நீயே சொல்லு."

கொஞ்சம் யோசித்தார்.

"நான் பாஸுன்னு எழுதிருங்க. அவரு எங்க இருக்காருன்னு மட்டும் எழுத வேணாங்க."

பாஸ் என்று எழுதிவிட்டேன். அவர் எங்கே என்பதை நீங்கள் எழுதுங்கள், என்னால் முடியவில்லை.