ஆரத்தித் தட்டில் வைத்த மனு

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து வந்தது. மனுவை எழுதியவள் நான். பத்தாவதோடு பள்ளியை விட்டவள்தான். ஆனாலும் எங்கள் தெருவில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். இந்த நோட்டில் கதை எழுதுவது மட்டும் யாருக்கும் தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குளத்தூர்ப் பக்கம் குவாரியில் வெடி வைத்தபோது வானமே…'

வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்தான் விரிசல் விட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

இப்போது வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் புதுக் குவாரி வரப்போகிறது. வந்தால் சுவர் நிற்காது. அந்தச் சமயத்தில்தான் தேர்தல். வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்க அம்மாவையும் கூப்பிட்டார்கள். புதுக் குவாரி வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த மனுவை அம்மா தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சுகுணா, ஐநூறு விழுகுற தட்டுல கடுதாசியப் போட்டு எடத்த அடைக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டு அமராவதி அத்தை.

"விழுகுறது விழட்டும் மதினி. இது அவரு கைக்குப் போகணும்."

போனது. வேட்பாளர் மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல், ஜீப்பில் பின்னால் நின்றவரிடம் நீட்டினார். அவர் ரெங்கசாமி, குவாரி முதலாளிகள் சங்கச் செயலாளர். (ஜீப், மைக், தட்டில் விழுந்த ஐநூறு எல்லாமே சங்கத்தின் செலவு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.)

3

ரெங்கசாமியைக் கொடியவராக எழுதத்தான் ஆசை. பெரிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மறுநாள் மனுவோடு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே தங்கச்சி, யாரு, பாப்பாவா?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"சுவத்த நாங்க பூசித் தாரோம். புதுக் குவாரிக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"இத அவருல்ல படிக்கணும்? நீங்க ஏண்ணே படிச்சீங்க?"

"அவருக்கு ஏதும்மா நேரம்? நாங்கதான் படிச்சுச் சொல்லுவோம்."

"அப்ப அடுத்த கட்சிக்காரருகிட்ட குடுக்குறேன்."

ரெங்கசாமி சிரித்தார். அதில் கேலி இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"தாராளமாக் குடுங்க. நாளைக்கு அவரு ஜீப்புலயும் நான்தான் வாரேன்."

4

முடிவு ஒன்று: ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். சுவரைப் பூசுகிறார்கள். அடுத்த வெடிக்கு… (இதை முடிக்கக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: யாரிடமும் காசு வாங்காத ஒருவர் சைக்கிளில் ஓட்டுக் கேட்டு வருகிறார். (எங்கள் தெருவுக்கு அப்படி யாரும் வரவில்லை. கதைக்காக வரவழைத்தால் நீங்கள் நம்புவீர்களா?)

நடந்தது இவ்வளவுதான். ரெங்கசாமி "ரெண்டு நாள் கழிச்சு வாரேன்" என்று போய்விட்டார். அம்மா ஒரு வெள்ளைத்தாளை என்முன் வைத்தாள்.

"மறுபடி எழுது. இந்தத் தடவ அந்தாளு கைக்குப் போகாத எடமாப் பாத்து எழுது."

அனுப்புநர் என்று போட்டு அம்மா பெயரை எழுதிவிட்டேன். சுவரைப் பற்றியும் எழுதிவிட்டேன். ஒரு வரி மட்டும் பாக்கி. அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறாள்: "யாருக்குடி எழுதியிருக்க?"

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நிரப்பிக் கொடுங்கள்.

பெறுநர்: