ஒரு கைப்பிடி சோம்பு

காசிமேட்டுக் குப்பத்தில் ஆடிக் கூழ் ஊற்றினால் கருவாட்டுக் குழம்புக்குக் கன்னியம்மாவின் மிளகாய்ப்பொடிதான் என்பது எழுதாத சட்டம். ஒரு வருஷம் யாரோ பொடி கொண்டுவர மறந்துபோக, இவள் தன் வீட்டுப் பொடியைக் கொண்டுவந்து கொட்டினாள். அன்றிலிருந்து அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அடியில துழாவுடி", "இன்னும் ஒரு பிடி போடு" என்று ஊர்ப் பெண்களை வேலை வாங்கும் உரிமையும் அவளோடு ஒட்டிக்கொண்டது. மற்ற நாளெல்லாம் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரம் முழுக்கக் கத்தி நடக்கிறவள். அந்த ஒரு நாள் அவள் சொன்னதை ஊர் கேட்கும்.

பொடிக்கு என்னென்ன சேர்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்லத்தான் செய்தாள். குண்டு மிளகாய், நீட்டு மிளகாய், தனியா, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் என்று விரலை மடக்கி மடக்கித் தாராளமாகச் சொல்வாள். வறுத்த சோம்பு ஒரு கைப்பிடி என்பது மட்டும் வாயில் வராது. அது அவளாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது. பொடியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. உயிரை யாராவது ஊருக்கு அள்ளிக் கொடுப்பார்களா?

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டுச் செல்வம், நெட்டுக்குப்பத்திலிருந்து நீலாவைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த பெண் வந்தோமா இருந்தோமா என்று இருந்திருக்கலாம். நெத்திலிக் குழம்பு வைத்து, கன்னியம்மா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

கடலிலிருந்து திரும்பிய அவள் புருஷன் தேசப்பன் சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்தான். பெண்டாட்டியின் சமையலைப் பற்றி இத்தனை வருஷத்தில் வாயே திறக்காத மனுஷன், கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டே கேட்டான்.

"இன்னாமே, குயம்பு இன்னிக்கு சோக்கா கீது. பொடிய மாத்திட்டியா?"

"அது பக்கத்து வூட்டுது."

"அதான பாத்தேன்."

மனுஷன் அதோடு கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டான். கன்னியம்மாவுக்குத்தான் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். "அதான பாத்தேன்" என்பதற்கு என்ன பதில் சொல்வது?

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச, பஞ்சாயத்தார் பெண்சாதி புஷ்பவல்லி குழாயடியில் வைத்து அன்பாகவே சொன்னாள்.

"கன்னியம்மா, இந்த ஆடிக்கு நீலா பொடிய போட்டுப் பாக்கலாம்னு கீறோம். நீயும் வருசா வருசம் கஷ்டப்பட்டுகினு கீற."

"எனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள் கன்னியம்மா. புஷ்பவல்லி அதற்குள் அடுத்தவளிடம் பேசப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கன்னியம்மா முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நீலாவின் வாசலில் போய் நின்றாள். பொடிக்கு என்ன சேர்க்கிறாய் என்று கேட்டாள். நீலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொன்னதெல்லாம் கன்னியம்மாவிடமும் இருந்தவைதான். சோம்பு மட்டும் இல்லை.

சோம்பே இல்லாமல் ஒரு பொடியா? அப்படியானால் அந்த இடத்தில் வேறு ஏதோ போடுகிறாள், அதைத்தான் ஒளிக்கிறாள். கள்ளி. பால்குடி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எப்படி மறைக்கிறாள் பார் என்று கன்னியம்மா உள்ளுக்குள் கருவினாள். தன்னைப் போலத்தானே பிறரும்.

மிளகாய் அரைக்கிற கிழமை வந்தது. பஷீர் பாயின் மாவு மிஷினில் அதற்கென்று ஒரு நாள் உண்டு. மற்ற நாளில் அரைத்தால் அடுத்து வருகிறவர்களின் கேழ்வரகெல்லாம் காரமாகிவிடும். மிளகாய் நாளிலும், முன்னால் அரைத்தவர் பொடி கொஞ்சம் கல்லில் தங்கிப் பின்னால் வருகிறவர் பொடியோடு கலக்கும். அதனால் கன்னியம்மா எப்போதும் விடியலிலேயே போய் முதல் ஆளாக நிற்பாள். கண்டவள் பொடியும் தன்னுடையதில் கலக்கக் கூடாது அவளுக்கு. அன்றைக்கு அவள் நீலாவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னாம்மா, நீ கடைசில நிக்கிற?" என்று பஷீர் பாயே ஆச்சரியப்பட்டார்.

"கால் வலி, பாய்."

நீலாவின் தகர டின்னைத் தூக்கி உதவுகிற சாக்கில் மூடியைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள், முகர்ந்தாள். மிளகாய் நெடியில் தும்மல்தான் வந்தது. நீலா சொன்னதற்கு மேலே அதில் ஒரு மணிகூட இல்லை.

"யார்டி உனக்கு இத்த சொல்லிக் குடுத்தது?" என்றாள். குரல் அவளை மீறிக் கிழிந்தது.

நீலாவுக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க அத்த. பச்சையம்மா. உங்க குப்பத்துப் பொண்ணுதானே, நெட்டுக்குப்பத்துல குடுத்தாங்களே. கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்டதான் கேட்டுகினு வந்துச்சாம். உங்க பொடி வேற வாசனையா கீதேன்னு நான் ஒண்ணும் சொல்லல. அத்த எதுனா மறந்துட்டு தப்பா சொல்லியிருக்கும் போல, யக்கா."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா தன் டின்னைப் பார்த்தாள். பச்சையம்மா எதையும் மறக்கவில்லை. இவள் சொன்னதை அப்படியே கொண்டுபோயிருக்கிறாள். சொல்லாமல் விட்ட அந்தச் சோம்புதான் இத்தனை வருஷமும் இவள் குழம்பைக் கெடுத்திருக்கிறது. தன் பொடியைப் பார்த்தே தான் வயிறெரிந்திருக்கிறோம் என்று புரிந்தபோதும் எரிச்சல் அடங்கவில்லை; இன்னும் கூடியது.

ஆடிக் கூழ் அன்று கருவாட்டுக் குழம்பு மணம் கடற்கரை வரை போனது. ஊரே மறு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. தேசப்பன் மூன்றாம் தடவை ஏனத்தை நீட்டினான். புஷ்பவல்லி எல்லார் முன்னாலும் நீலாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"எனக்கு இன்னா இருக்குது? இது கன்னியம்மாக்கா பொடிதான். எங்க அத்த அவங்ககிட்ட கத்துகினதுதான்" என்றாள் நீலா.

எல்லாத் தலையும் கன்னியம்மா பக்கம் திரும்பியது. ஆமாம், என் பொடிதான், என் பொடிதான் என்று கத்த வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

"மெய்யாலுமா கன்னியம்மா?" என்றாள் புஷ்பவல்லி. "அப்ப உன் பொடி மட்டும் இன்னாத்துக்கு வேற மாரி கீது?"

இங்கே நிற்கிற ஒவ்வொருத்தியும் எப்போதாவது அவளிடம் பொடி கேட்டவள்தான்; கேட்டதோடு சரி, அரைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொருத்திக்கும் அவள் சோம்பை விட்டுவிட்டுத்தான் விரல் மடக்கிச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் கன்னியம்மா. "பச்சையம்மா யார்கிட்ட கேட்டாளோ. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

நீலா குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? பெண்கள் நீலாவைச் சூழ்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவளும் ஒன்றுகூட விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். கன்னியம்மா காலியான அண்டாவைத் துழாவிக்கொண்டே நின்றாள்.

"அங்க இன்னா பண்ற, கன்னியம்மா?" என்று புஷ்பவல்லி கூப்பிட்டாள். "நீயும் வந்து கேட்டுக்க. உனக்கும் நல்லா வரும்."

கன்னியம்மா அகப்பையை வைத்துவிட்டு வந்து, கூட்டத்தின் ஓரத்தில் குந்தினாள். நீலா அவளுக்காக மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"மொதல்ல குண்டு மொளகா, யக்கா."