மலிக் விட்டுப் போன ஆடு

ஆட்டின் கொம்புகளுக்கு மருதாணி பூசியிருந்தார்கள். ஆண்கள் கூடும் எங்கள் ஹுஜ்ராவின் வாசலில் நின்றுகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அண்ணியின் தேர்தல் சுவரொட்டியை அது ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊர்ப் பெரியவர்களின் வெள்ளைத் தாடிகள். நடுவே எங்கள் ஊர்த் தலைவர் மலிக் பாத்ஷாகுல், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. அந்த மனிதரின் வழுக்கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பழிக்கு ஆளானவன் ஆட்டோடு எதிரியின் வாசலுக்கு வந்து தலை குனிவதை நாங்கள் நனவாத்தே என்போம். வந்தவனை விரட்டினால் கேவலம் வீட்டுக்காரனுக்குத்தான். வீட்டுக்காரன் அந்த ஆட்டை அறுத்துவிட்டால் பகை தீர்ந்தது. வழக்கு, சாட்சி, சாபம் எல்லாம் அதோடு சரி. கொண்டுவந்த ஆட்டைத் திரும்ப ஓட்டிப் போவதும் கிடையாது. இதையெல்லாம் யோசித்துத்தான் மலிக் வந்திருந்தார். சட்டசபைத் தேர்தல் நெருங்கிவிட்டது. அவரை எதிர்த்து நிற்பவள் தோர்பேக்கை என்கிற என் அண்ணி.

என் அண்ணன் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது ஒரே மகன் ஷம்ரோஸ். மலிக்கின் துப்பாக்கி ஏந்திய அமைதிக் குழு போட்டிருந்த சோதனைச் சாவடியில், மோட்டார் சைக்கிளில் போன பையனைச் சுட்டார்கள். பக்கத்தில் ஒரு துப்பாக்கியை வைத்துப் படம் எடுத்து, தீவிரவாதி என்றார்கள். அதுவரை புருஷன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவள், மகனின் உடலோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் மலையடிவாரம் வரை நின்றன. அடுத்த நாள், மகன்களைத் தொலைத்த மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு மலைப்பாதைகளில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை எடுக்கச் சொல்லி ஊர்வலம், சிறை, ஒலிபெருக்கி, மறுபடி சிறை. 'எவன்கிட்டயோ போய்க் கெஞ்சுறதுக்கு, சட்டசபையில நாமளே போய் உட்கார்ந்தா என்ன?' என்று ஒரு நாள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். அப்படித்தான் வேட்பாளர் ஆனாள். ஊரே சிரித்தது, நானும்தான்.

பெரியவர்களில் ஒருவரான ஹாஜி குல்மந்த் தொண்டையைக் கனைத்தார். "மீராஜான், நடந்தது நடந்துபோச்சு. மலிக்கே தலைப்பாகையைக் கழட்டிட்டு வந்திருக்காரு. ஆட்டை அறு. ஷம்ரோஸ் கேஸை வாபஸ் வாங்குங்க. அப்படியே உங்க அண்ணியையும் தேர்தல்ல இருந்து ஒதுங்கச் சொல்லு. பகை தீர்ந்தப்புறம் போட்டி எதுக்கு?"

கத்தியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? எனக்கும் மூன்று பிள்ளைகள், கடைவீதியில் ஒரு கடை, அதன் கதவில் போன மாதம் விழுந்த குண்டு ஓட்டைகள்.

உள்வாசல் கதவு திறந்தது. பெண்கள் கால் வைக்காத ஹுஜ்ராவுக்குள் அண்ணி சாதரை இழுத்துப் போர்த்துக்கொண்டு வந்தாள். தாடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பின.

"தம்பி, கத்தியைக் கீழ வைங்க. செத்தது என் பிள்ளை. ஆடு ஏன் உங்ககிட்ட வந்துச்சு?"

"தங்கச்சி," என்றார் மலிக், குரலில் தேன் தடவி, "வெறுந்தலையோட உன் வாசல்ல நிக்கிறேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"எதுக்காக நிக்கிறீங்க?"

"அதான்... நடந்ததுக்கு."

"என்ன நடந்துச்சு?"

ஆடு மட்டும் காகிதத்தை மென்றது.

"நம்ம பாட்டன்மாருங்க வாயில புல்லைக் கவ்விக்கிட்டு வருவாங்க. நான் உன் மாடு, என்ன வேணா செய்னு. செஞ்ச குத்தத்தை வாயால சொல்லிட்டுத்தான் ஆட்டை நீட்டுவாங்க. ஷம்ரோஸ் கையில துப்பாக்கி இல்ல, நாங்கதான் கொண்டுவந்து வெச்சோம்னு சொல்லுங்க மலிக். இப்பவே நானே அறுக்கச் சொல்லி, நானே ஆக்கிப் போடுறேன்."

"எங்களுக்கே வழக்கம் சொல்லித் தர்றியா?" என்றார் ஹாஜி.

"மறந்துட்டீங்க, ஞாபகப்படுத்துறேன். அப்புறம், தேர்தல் இந்தப் பகையில சேராது ஹாஜி. அதுக்கு வேற ஆடு கொண்டுவாங்க, யோசிக்கிறேன்."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். மலிக் தலைப்பாகையை நிதானமாகச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். ஆடு எங்கள் வாசலிலேயே நின்றது.

"தண்ணி காட்டுங்க தம்பி. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அண்ணி.

மறுநாளிலிருந்து அவள் போன இடமெல்லாம் ஆடும் போனது. கயிறு என் கையில். கடைவீதியில் இளவட்டங்கள் கிண்டல் செய்தார்கள்: "வேட்பாளர் யாரு, நீயா ஆடா?"

"ஆடுதான். உங்க மலிக்கைவிடத் தைரியமா வாயைத் தொறக்குது," என்றாள்.

சிரித்தவர்களே இரண்டாம் முறை அது யாருடைய ஆடு என்று கேட்டார்கள். சொன்னாள். அது ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையும் சொன்னாள். மலிக்கின் ஆட்கள் என் கடைக்கு வந்து, ஆடு இப்படியே தெருவில் திரிந்தால் உனக்கு ஏதாவது ஆகும் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார்கள். "அண்ணி, அறுத்துடலாமே," என்றேன்.

"கத்தி என்கிட்டயும் இருக்கு தம்பி. அவர் வாயில இருந்து இன்னும் பேச்சுதான் வரல."

பெண்கள் யாரும் ஓட்டுப் போடப் போகக்கூடாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிப் பெண்களின் வரிசை நீல முகத்திரைகளாக நீண்டு, மசூதி திருப்பத்தைத் தாண்டியிருந்தது. அண்ணி வரிசையில் நின்றாள். நான் வேலிக்கு வெளியே ஆட்டோடு. பிரச்சாரம் செய்கிறாயா என்று போலீஸ்காரர் கேட்டார். ஆடு மேய்க்கிறேன் என்றேன்.

மலிக்கின் வண்டி வந்து நின்றது. ஆட்களோடு இறங்கினார். ஆடு தலையைத் தூக்கியது. அவர் தொழுவத்தில், அவர் கையால் தீவனம் தின்று வளர்ந்த ஆடு. கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தது. நான் பயந்துபோய்க் கயிற்றைக் கையில் சுற்றினேன்.

"விடுங்க தம்பி," என்றாள் அண்ணி வரிசையிலிருந்து. "போகட்டும்."

விட்டேன். ஆடு நேராக ஓடி, மலிக்கின் முழங்காலில் மருதாணிக் கொம்பைத் தேய்த்தது. அவர் கை பழக்கத்தில் அதன் தலைக்கு இறங்கி, பாதியில் நின்றது; தொட்டால் கொடுத்த ஆட்டைத் திரும்ப வாங்கியதாகிவிடும். வரிசையில் முதலில் அண்ணி முகத்திரையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவள். பிறகு, சுவரின் நீளத்துக்கும், ஒவ்வொருத்தியாக.